மலை வீட்டுக்கு வரும் டயாலிசிஸ் பை: எங்கே பாஸ், எங்கே ஃபெயில்

நீலகிரி மாவட்டத்தின் மசினகுடியில் ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் தேவை என்று டாக்டர் சொன்னதும், வீட்டில் எழும் முதல் கேள்வி வாரம் 3 நாள் எப்படிப் போய்வருவது என்பதுதான். இயந்திர டயாலிசிஸ் ஒரு தடவைக்கு 4 மணி நேரம். மாதத்துக்கு 12, 13 நடை. முடிந்து எழுந்திருக்கும்போது பிரஷர் இறங்கித் தலை கிறுகிறுக்கும். அந்த நிலையில் ஊட்டிக்கும் மசினகுடிக்கும் இடையிலான கல்லட்டி ரோட்டின் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஆடி மாதம் கூடலூர் பக்கமும் ஐப்பசியில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் மண் சரிந்தால் அந்த நடையும் கிடையாது. இயந்திரத்தில் இருப்பவர் ஒரு முறை தவறவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். இரண்டுமே உயிருக்கு ஆபத்து.

இதற்கு மாற்றாக வீட்டுக்கே வருவதுதான் சிஏபிடி எனப்படும் வயிற்று டயாலிசிஸ். பேச்சுவழக்கில் 'பை மாத்துறது'. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே தருவதும் ஒரு பகுதி. தனியாரிடம் வாங்குபவர்களும் உண்டு. பை, மூடி, சூடேற்றி, தராசு, மருந்து என்று வந்து சேரும் மொத்த சரக்கும் 2,000 மீட்டர் உயரத்து வீட்டில் எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பை நல்ல சரக்கு. மலைக்கு இயந்திரத்தைவிட இதுவே பொருத்தம். ஆனால் இதன் உபகரணங்களும் கையேடும் சமவெளி வீட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. குளிருக்கும் ஈரத்துக்கும் ரோட்டுக்கும் ஏற்பாடு செய்யாத வீட்டில் இது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

வேலை செய்யும் விதம் எளிது. வயிற்றுக்குள் குடலைப் போர்த்தியிருக்கும் சவ்வுதான் வடிகட்டி. டென்காஃப் என்பவர் 1968-இல் கொண்டுவந்த சிலிகோன் குழாயை தொப்புளுக்குப் பக்கத்தில் நிரந்தரமாகப் பொருத்துவார்கள். அது ஆற ஏறக்குறைய 2 வாரம். பிறகு 2 லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு 4 முதல் 6 மணி நேரம் வைத்து, வடித்துவிட்டுப் புதியதை விட வேண்டும். பகலில் 3, படுக்கும் முன் 1 என்று நாளைக்கு 4 முறை மாற்றுவது வழக்கம். சிறுநீர் இன்னும் ஓரளவு போகிறவருக்கு 3 போதும் என்று டாக்டர் சொல்லலாம். திரவத்தில் இருப்பது உப்பும் சர்க்கரையும்தான். கழிவு தானாகச் சவ்வு தாண்டி வரும், உடம்பில் தேங்கிய நீரை அந்தச் சர்க்கரை இழுக்கும். 1.5, 2.5, 4.25 சதவீதம் என 3 வலிமைகள். பாக்ஸ்டர் நிறுவனத்தின் டயானீல் பைகளில் இழுப்பு வளையத்தின் நிறமே அடையாளம்: மஞ்சள், பச்சை, சிவப்பு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட நிறத்தைப் பார்த்துப் பை எடுத்துவிடுவார். வடிவமைப்பில் இதற்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம்.

இரட்டைப் பை அமைப்புக்கு அதைவிட அதிகம். நிறைந்த பையும் காலிப் பையும் ஒய் வடிவக் குழாயில் முன்பே இணைந்து வருகின்றன. நோயாளி செய்ய வேண்டியது ஒரே ஒரு இணைப்பு. இணைத்ததும் முதலில் வயிற்றில் இருப்பதை வடிக்க வேண்டும், 15 முதல் 20 நிமிடம். பின்பு வயிற்றுக் குழாயை மூடிவிட்டு, புதுத் திரவத்தை நேராக வடிகால் பைக்குள் 5 எண்ணும் வரை ஓடவிட வேண்டும். இணைக்கும்போது கிருமி ஏதாவது ஒட்டியிருந்தாலும் குழாய்க் காற்றோடு சேர்த்து அது கழுவிக்கொண்டு போய்விடும். அதன் பிறகே வயிற்றுக்குள் விட வேண்டும், அதற்கு 10 நிமிடம். 'முதலில் கழுவு, பிறகு நிரப்பு' என்ற இந்த வரிசை வந்த பிறகுதான் வயிற்றுத் தொற்று பெரிய அளவில் குறைந்தது. மலையில் கைதவறும் இடமும் இதுதான். குளிரில் விரல் மரத்திருக்கும், சீக்கிரம் முடித்துக் கம்பளிக்குள் புகத் தோன்றும், 5 எண்ணுவது 2 ஆகிவிடும்.

கை கழுவுவதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஜனவரி காலையில் ஊட்டிக் குழாய்த் தண்ணீர் கையைக் கடிக்கும். அந்தத் தண்ணீரில் யாரும் 2 நிமிடம் சோப்புப் போட்டுத் தேய்க்கமாட்டார்கள், எத்தனை முறை சொன்னாலும் சரி. ஆகவே பை மாற்றுவதற்கு முன் ஒரு செம்பு வெந்நீர் வைப்பதையும் வேலையின் ஒரு பகுதியாகவே ஆக்கிவிட வேண்டும். கழுவிய கையைத் துடைப்பதில்தான் அடுத்த ஓட்டை. மழைக்காலத்தில் 3 நாளாகக் காயாத துண்டில் துடைத்தால் கழுவியதே வீண். ஒருமுறை துடைத்துத் தூக்கிப்போடும் காகிதத் துண்டு நல்லது. கை முழுதும் உலர்ந்த பிறகு ஆல்கஹால் திரவத்தைத் தேய்த்து, அதையும் உலரவிட வேண்டும். நோயாளியும் பக்கத்தில் இருப்பவரும் முகக்கவசம் போட்டிருக்க வேண்டும். சமவெளிக் கையேடு ஃபேனை அணைக்கச் சொல்லும். இங்கே அந்த வரிக்கு 'ஜன்னலை மூடு, கனப்பு அடுப்பை வெளியே எடு' என்று பொருள். பூனை, நாய் அறைக்குள் வரக் கூடாது. பூனை கடித்த குழாய் வழியாகக் கிருமி ஏறி வயிற்றுத் தொற்று வந்தது மருத்துவ ஏடுகளில் பதிவான விஷயம். முடிந்ததும் குழாய் நுனியில் மாட்டும் போவிடோன் அயோடின் மூடி ஒரு முறைக்கு மட்டுமே. கீழே விழுந்த மூடியை எடுத்து மாட்டுவதைவிடப் புதியதை உடைப்பது மலிவு.

இனி சூடேற்றி. இந்தச் சரக்கில் மலைக்கு நேராகத் தோற்றுப்போவது அதுதான். திரவம் உடம்புச் சூட்டில், ஏறக்குறைய 37 டிகிரியில், உள்ளே போக வேண்டும். குளிர்ந்து போனால் வயிறு முறுக்கி வலிக்கும், உடம்பு நடுங்கும். பலர் பயன்படுத்துவது 60 வாட் அளவிலான சூட்டு மெத்தை. 25 டிகிரி அறையில் இருக்கும் 2 லிட்டர் பையை 37-க்குக் கொண்டுவர அதற்குக் கணக்குப்படி அரை மணி நேரம். 10 டிகிரி அறையில் அதே பைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். பக்கவாட்டில் கசியும் சூட்டையும் சேர்த்தால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். டப்பாவில் போட்ட நேரத்தை நம்பி எடுத்தால் பை வெதுவெதுப்பாகக்கூட இருக்காது. பைக்கு மேல் ஒரு கம்பளியை மடித்துப் போட்டால் நேரம் நன்றாகவே குறையும். மெத்தையின் சூடு மீறாமல் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டை மறைத்துவிடக் கூடாது. மணிக்கட்டின் உட்புறத்தில் பையை வைத்துப் பார்க்க வேண்டும். குழந்தைக்குப் பால் பார்ப்பதுபோல, இதமாக இருந்தால் சரி, சுட்டால் கூடாது.

மெத்தை தாமதிப்பதால் மக்கள் குறுக்குவழிக்குப் போகிறார்கள். வெந்நீர் அண்டாவில் பையை முக்குவது பரவலான தவறு. இணைப்பு வாயில் தங்கும் ஒரு சொட்டு ஈரம் போதும், கிருமிக்கு அதுவே பாலம். மைக்ரோவேவில் ஓரிடம் கொதிக்கும், ஓரிடம் குளிர்ந்திருக்கும், உள்ளே இருக்கும் சர்க்கரையும் சிதையும். அடுப்பு மேடையில் வைத்தால் பிளாஸ்டிக் இளகும். எந்த வழியானாலும் உலர்ந்த சூடுதான், வெளி உறை பிரிக்காமல்தான். கரண்ட் போகும் ஊர்களில் நன்றாக வேலை செய்வது ஒன்று உண்டு: கரண்ட் இருக்கும்போதே அடுத்த பையைச் சூடேற்றிக் கம்பளியில் சுற்றித் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்துவிடுவது. சில மணி நேரம் சூடு நிற்கும். இன்வெர்ட்டர் இருந்தால் கவலையே இல்லை. 60 வாட், 2 மணி நேரம், 4 முறை என்றால் நாளைக்கு 480 வாட்-மணிதான். 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இதை மட்டும் ஓட்டினால் 2 நாளைத் தாண்டும்.

வடிந்த பையை எடைபோடத் தொங்கும் டிஜிட்டல் தராசு போதும். 2,000 மில்லி விட்டு 2,300 வந்தால் 300 மில்லி நீர் உடம்பிலிருந்து இறங்கியிருக்கிறது. காலிப் பையின் எடையைக் கழிக்கவும், கழுவுவதற்கு ஓடவிட்டது கிட்டத்தட்ட 100 மில்லி அதில் சேர்ந்திருப்பதையும் மறக்கக் கூடாது. இதோடு தினமும் காலையில் உடம்பின் எடை, பிரஷர். மூன்றையும் நோட்டில் எழுத வேண்டும். கணுக்கால் வீங்கி, எடை ஏறி, பிரஷரும் ஏறினால் மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் நீர் இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இதயம் பலவீனமானவர்களுக்கு இந்த முறையில் ஒரு லாபம் உண்டு. இயந்திரம் 4 மணி நேரத்தில் உறிஞ்சுவதைப் பை நாள் முழுக்க மெல்ல இழுக்கிறது, பிரஷர் தடாலென்று விழுவதில்லை.

சர்க்கரை நோயாளிகளுக்குப் பை இரண்டு பக்கமும் இடிக்கும் மத்தளம். 2 லிட்டர் மஞ்சள் பையில் 30 கிராம் சர்க்கரை, பச்சையில் 50, சிவப்பில் 85. அதில் பெரும்பகுதி சவ்வு வழியாக ரத்தத்தில் ஏறிவிடும். நாளைக்கு 4 மஞ்சள் பை என்றால் வாயில் போடாமலே ஏறக்குறைய 300 கலோரி. எடை கூடும், கொழுப்பு கூடும், சர்க்கரை கூடும். இன்னொரு பக்கம், பழுதான சிறுநீரகத்தால் இன்சுலினை வெளியேற்ற முடியாததால் போட்ட ஊசி அதிக நேரம் உடம்பில் நின்று திடீரென்று சர்க்கரையைத் தாழ்த்தவும் செய்யும். மெட்ஃபார்மினை டயாலிசிஸ் கட்டத்துக்கு முன்பே நிறுத்தியிருப்பார்கள். பழைய சீட்டை வைத்து மருந்துக்கடையில் மறுபடி வாங்கக் கூடாது. கிளிபென்கிளமைடும் அப்படியே. இரவில் உப்பு அதிகமாகத் தின்றவர் தாகத்தில் தண்ணீர் குடித்து, அந்த நீரை இறக்கச் சிவப்புப் பை போட்டு, அதனால் சர்க்கரை ஏறி, ஏறிய சர்க்கரையால் இன்னும் தாகம் எடுத்து என்று ஒரு சுழல் உண்டு. அதை அறுக்கும் இடம் உப்பு ஜாடிதான். 'லோ சோடியம்' உப்பு அதற்கு மாற்று ஆகாது. அதில் சோடியத்துக்குப் பதில் இருப்பது பொட்டாசியம், டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

நீண்ட நேரம் வயிற்றில் வைக்க குளுக்கோஸுக்குப் பதில் ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள் கலந்த பையும் உண்டு. அதைப் போடுபவர் தன் குளுக்கோமீட்டரை மாற்ற வேண்டி வரலாம். அந்தத் திரவம் உடம்பில் மால்டோஸாக உடையும். ஜிடிஹெச்-பிக்யூக்யூ வகை ஸ்ட்ரிப், மால்டோஸையும் குளுக்கோஸ் என்று எண்ணிக் கூட்டிக் காட்டும். மீட்டரில் 250, உண்மையில் 70 என்ற நிலையில் இன்சுலின் போட்டால் ஆள் மயங்கிவிடுவார். பையை நிறுத்திய பிறகும் ஏறக்குறைய 2 வாரம் இந்தப் பொய் தொடரும். ஸ்ட்ரிப் டப்பாவை மருந்தாளரிடம் காட்டி எந்த வகை என்று கேட்பது ஒரு நிமிட வேலை.

சாப்பாட்டில் மலைக்காரருக்கு ஒரு நல்ல செய்தி. இயந்திர டயாலிசிஸில் இருப்பவர் ஊட்டி உருளைக்கிழங்கை நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சாப்பிட முடியும். அவ்வளவு பொட்டாசியம். பையின் திரவத்தில் பொட்டாசியம் கிடையாது, நாளைக்கு 4 முறை அது வெளியே போகிறது. அதனால் பை மாற்றுபவர்களில் பலருக்குப் பொட்டாசியம் குறைவதுதான் பிரச்சினை. குறைந்தால் குடல் மந்தமாகும், தசை சோரும். ரத்த அறிக்கையைப் பார்த்து டாக்டர் சரி என்றால் உருளையும் மலைவாழைப்பழமும் திரும்ப வரலாம். ஆனால் இயந்திரத்திலிருந்து பைக்கு மாறியவர்கள் பழைய பத்தியத்தையே கட்டிக்கொண்டு அழுவதும், பையிலிருந்து இயந்திரத்துக்குப் போனவர்கள் உருளையை விடாமல் ஆபத்தில் மாட்டுவதும் நடக்கிறது. முறை மாறினால் பத்தியமும் மாறும். புரதம் கூடுதலாக வேண்டும். வடியும் திரவத்தில் தினமும் 5 முதல் 10 கிராம் புரதம் போய்விடுவதால், உடம்பு எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் சாப்பிட்டாக வேண்டும். முட்டை வெள்ளைக்கரு இதற்கு நல்லது. அவரையிலும் புரதம் உண்டு, ஆனால் கூடவே பாஸ்பரஸ் வரும். அதைப் பிடிக்கும் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு நடுவில் போட வேண்டும். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் போட்டால் பிடிக்க எதுவும் இருக்காது.

மீதமிருக்கும் சிறுநீர் தங்கம். நாளைக்கு அரை லிட்டர் போனாலும் அது பெரிய உதவி. அதை அழிப்பதில் முதலிடம் மூட்டுவலி மாத்திரைக்கு. தேயிலைச் சரிவில் ஏறி இறங்கிய முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொள்வது மலையில் சாதாரணம். பாராசிட்டமாலும் ஒத்தடமும் போதாவிட்டால் சிறுநீரக டாக்டரைத்தான் கேட்க வேண்டும். சிறுநீரில் புரதம் போவதைக் குறைக்கும் பிரஷர் மாத்திரைகள் சில அந்த மிச்சச் செயல்பாட்டையும் காக்கும். பிரஷர் சரியாகிவிட்டது என்று தானாக நிறுத்தக் கூடாது.

கொழுந்து பறிப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வயிற்றில் 2 லிட்டருடன் தலைச்சுமை தூக்கிப் படியேறினால் வயிற்றுச் சுவர் தாங்காமல் குடலிறக்கம் வரலாம், குழாயைச் சுற்றித் திரவம் கசியலாம். பறிக்கலாம், சுமக்கக் கூடாது. இடுப்பில் சுற்றும் சாக்கின் முடிச்சு, குழாய் தோலிலிருந்து வெளிவரும் வாயில் உரசக் கூடாது. அந்த வாயைத் தினமும் கழுவி உலர்த்தி, டாக்டர் தந்த களிம்பைத் தடவ வேண்டும். ஓடையிலோ தொட்டியிலோ முங்கிக் குளிப்பது வேண்டாம். திரவம் வடியாமல் நின்றால் குழாய் அடைத்துவிட்டதென்று பதறுவதற்கு முன், கடைசியாக எப்போது மலம் போனது என்று கேளுங்கள். குளிரில் குடல் இறுகி, குழாயை நெரித்திருப்பதே பெரும்பாலான நேரம் காரணம். லாக்டுலோஸ் போன்றவை உதவும். மக்னீசியம் கலந்த பேதி மருந்தும் வயிற்றுப்புண் டானிக்கும் கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து வயிற்றுத் தொற்று. வடிந்த பையை வெளிச்சத்தில், ஒரு செய்தித்தாளின் மேல் வையுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் சரி. மங்கலாகத் தெரிந்தால் அது தொற்று என்று எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும், வலியோ காய்ச்சலோ வரும்வரை காத்திருக்கக் கூடாது. அந்தக் கலங்கிய பையையே கையோடு எடுத்துப் போக வேண்டும். அந்தத் திரவத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 100-க்கு மேல் வெள்ளணுக்கள், அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் என்ற வகை என்றால் தொற்றுதான். கிருமி எது என்று கண்டுபிடிக்கவும் அந்தத் திரவம்தான் வேண்டும். கைவசம் இருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனால் பரிசோதனையில் கிருமி வளராமல் போய், எதற்கு மருந்து தருவது என்று தெரியாமல் போகும். மருந்தைப் பைக்குள் கலந்து வயிற்றிலேயே விடுவார்கள். ஒரு மையத்தின் தரத்தை அளக்க உலக அளவில் சொல்லப்படும் கணக்கு, ஒரு நோயாளிக்கு வருடத்தில் 0.4 தொற்றுக்கும் கீழ். பயிற்சி எங்கே எடுப்பது என்று முடிவு செய்யும்போது 'உங்கள் கணக்கு எவ்வளவு' என்று கேட்கத் தயங்க வேண்டாம். பயிற்சியை ஒரே நாளில் முடித்து அனுப்பும் இடத்தை விட்டுவிடுங்கள். 5 நாளாவது ஒருவரோடு ஒருவராக உட்கார்ந்து, நோயாளியோ வீட்டில் ஒருவரோ தனியாகச் செய்துகாட்டிய பிறகே அனுப்ப வேண்டும். சர்க்கரையால் கண் மங்கியவருக்கு அந்த இன்னொருவர் கட்டாயம்.

சரக்கு வந்து சேர்வது தனிக் கதை. மாதம் 120 பை என்றால் கால் டன்னைத் தாண்டும். வண்டி ஹட்டி எனப்படும் படுகர் ஊரின் வாசல்வரை வராது, தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுக்கு மேலே படிகள்தான். தூக்க ஆள் பார்த்து வைக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் 15 நாள் கூடுதல் இருப்பு, அதாவது 60 பை, கையில் இருந்தால் ரோடு மூடினாலும் தூங்கலாம். பெட்டிகளைத் தரையிலும் சுவரிலும் ஒட்டாமல் பலகை மேல் அடுக்குங்கள், இல்லாவிட்டால் அட்டை ஊறிச் சரியும், எலி வரும். தகரக் கொட்டகையில் வைக்க வேண்டாம். உறைபனி விழும் இரவில் பை உறைந்துவிட்டால் அது பயனில்லை, உருக்கிப் பயன்படுத்தக் கூடாது. வெளி உறைக்குள் லேசான ஈரப்பசை இருப்பது இயல்பு. அழுத்தினால் கசிகிற பை, கலங்கிய பை, தேதி கடந்த பை மூன்றையும் ஒதுக்கி வையுங்கள்.

காலிப் பை பிவிசி பிளாஸ்டிக். பிளாஸ்டிக் தடை கடுமையான மாவட்டம் என்பதால் சிலர் ரகசியமாக எரித்துவிடுகிறார்கள். அந்தப் புகை நச்சு. தடை மருத்துவப் பொருளுக்கு வந்ததல்ல. வடிந்த திரவத்தைக் கழிவறையில் ஊற்றிவிட்டு, காலிப் பையைக் கட்டி வைத்து, அடுத்த முறை மருத்துவமனை போகும்போது அங்குள்ள மருத்துவக் கழிவில் சேர்ப்பதே வழி. அதுவரை குரங்கு எட்டாத இடத்தில் வையுங்கள். புதிய பெட்டி வந்த அன்றே தேதியைப் பெரிதாக மேலே எழுதிப் பழையதை முன்னுக்கு நகர்த்திவிட்டு, 4 பையும் 4 மூடியும் மட்டும் மருத்துவமனைப் பக்கம் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வைத்துவிடுங்கள். ரோடு அடைபட்டு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளும் நாளும் வரும்.